ஒப்பந்தம் உண்டா, இல்லையா? அமெரிக்கா – மெக்சிகோ போதைத் தடுப்புச் செய்திகளுக்குப் பின்னால்

2025 ஆகஸ்ட் 18 அன்று அமெரிக்காவின் போதைப்பொருள் அமலாக்க முகமையான டி.இ.ஏ. ஓர் அறிக்கை வெளியிட்டது. மெக்சிகோவுடன் சேர்ந்து ‘போர்ட்டேரோ திட்டம்’ என்ற பெரிய முயற்சியைத் தொடங்குகிறோம், எல்லையில் கடத்தல் பாதைகளைக் கையில் வைத்திருப்பவர்களை ஒழிப்பதுதான் நோக்கம் என்றது அந்த அறிக்கை. மறுநாள் காலை மெக்சிகோ அதிபர் கிளாடியா ஷெயின்பாம் செய்தியாளர்களிடம், டி.இ.ஏ.வுடன் அப்படி எந்த ஒப்பந்தமும் இல்லை என்று சொல்லிவிட்டார். எங்கள் போலீஸார் சிலர் டெக்சாஸில் ஒரு பயிற்சிப் பட்டறைக்குப் போயிருக்கிறார்கள், அவ்வளவுதான் என்றார்.

இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்துப் படித்தவருக்கு யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்றுதான் தோன்றும். உண்மையில் பயிற்சி நடந்ததை இரு தரப்புமே மறுக்கவில்லை. சாதாரணமாக நடக்கும் ஒரு வேலையை ஒரு தரப்பு திட்டமாக்கி அறிவித்தது. அறிவிப்பு தன்னைக் கேட்காமல் வந்ததால் மறு தரப்பு அதன் மேல் கதவைச் சாத்தியது. இந்த இரு நாடுகளுக்கிடையே நாற்பது ஆண்டுகளாக நடந்த பெரிய சண்டைகளில் பலவும் இப்படிப்பட்டவைதான். யார், யாருக்கு, எப்போது சொன்னார்கள் என்பதிலிருந்தே அவை தொடங்கின. அதைப் புரிந்துகொள்ள முதலில் அடிப்படையிலிருந்து வருவோம்.

எது எந்தப் பக்கம் போகிறது

எல்லையின் நீளம் 3,100 கிலோமீட்டருக்குமேல். தெற்கிலிருந்து வடக்கே போவது போதைப்பொருள். கொலம்பியாவில் விளையும் கொக்கெய்ன், மெக்சிகோவின் மேற்கு மலைகளில் பயிராகும் கசகசாச் செடியிலிருந்து வரும் ஹெராயின், ஆய்வுக்கூடங்களில் தயாராகும் மெத் என்ற மெத்தாம்ஃபெட்டமின், இப்போது ஃபென்டனைல் என்ற மிக வீரியமான செயற்கை வலிநீக்கி.

கடைசியாகச் சொன்ன பொருள்தான் கணக்கை மாற்றியது. ஃபென்டனைலுக்கு வயலும் வேண்டாம், பருவமும் வேண்டாம். மூலப்பொருளான ரசாயனங்கள் இருந்தால் போதும். அவை பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகின்றன, ஓரளவு இந்தியாவிலிருந்தும். குஜராத்தைச் சேர்ந்த இரண்டு ரசாயன நிறுவனங்கள் மீது நியூயார்க் நீதிமன்றத்தில் 2025 ஜனவரியில் குற்றச்சாட்டு பதிவானதும் இந்த மூலப்பொருள் விவகாரத்தில்தான். 2 மில்லிகிராம் ஃபென்டனைல் ஒருவரைக் கொல்லலாம் என்பது டி.இ.ஏ.யின் கணக்கு. இவ்வளவு சிறிய அளவில் வேலை செய்யும் பொருளை எல்லைச் சோதனையால் மட்டும் நிறுத்த முடியாது. காரின் கதவு இடுக்கில் போகும் பொட்டலம் ஒரு நகரத்துக்குப் போதும். 2023இல் அமெரிக்காவில் அளவுமீறிய போதையால் இறந்தவர்கள் 1 லட்சத்துக்கும் அதிகம். அதில் பெரும்பங்கு ஃபென்டனைல் வகைப் பொருள்களால் வந்தது.

வடக்கிலிருந்து தெற்கே போவது பணமும் துப்பாக்கியும். மெக்சிகோவில் துப்பாக்கியைச் சட்டப்படி வாங்க ராணுவத்தின் கடைக்குத்தான் போக வேண்டும். அதனால் கும்பல்களின் ஆயுதங்களில் பெரும்பகுதி டெக்சாஸ், அரிசோனா கடைகளிலிருந்து எல்லை தாண்டி வருகிறது. அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனங்கள் மீது மெக்சிகோ 2021இல் வழக்குப் போட்டது. 2025 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாகத் தள்ளியது. இதனால் ஒரே பிரச்சினைக்கு வாஷிங்டனில் போதைப்பொருள் என்று பெயர், மெக்சிகோ நகரில் துப்பாக்கி என்று பெயர்.

ஒத்துழைப்பு என்று எதைச் சொல்கிறார்கள்

செய்திகளில் எல்லாவற்றையும் ‘ஒத்துழைப்பு’ என்ற ஒரே பையில் போட்டுவிடுகிறார்கள். உள்ளே நான்கு வேறுவேறு சரக்கு இருக்கிறது.

1. உளவுத் தகவல். இந்தத் தொலைபேசி இந்த ஆளுடையது, இந்த லாரி இன்று இரவு கிளம்புகிறது என்பது போன்ற செய்தி. வேகமாகப் போக வேண்டும், ரகசியமாகவும் போக வேண்டும். நீதிமன்றத்தில் இது நிற்காமல் போகலாம்.

2. சாட்சியம். நீதிமன்றத்தில் வைக்கத்தக்க ஆவணம், வாக்குமூலம், வங்கிக் கணக்கு. இது பரஸ்பர சட்ட உதவி ஒப்பந்தத்தின் வழியே போகும். இந்த இரு நாடுகளும் அதில் 1987இல் கையெழுத்திட்டன. மெதுவான பாதை. கொடுத்த ஆவணத்தை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் அதில் உண்டு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

3. ஆள். குற்றம்சாட்டப்பட்டவரை ஒப்படைக்க 1978இல் கையெழுத்தான தனி ஒப்பந்தம் இருக்கிறது. நீதிமன்றம், மேல்முறையீடு என்று ஆண்டுக்கணக்கில் இழுக்கும். ஆனால் 2025 பிப்ரவரி 27இல் மெக்சிகோ ஒரே நாளில் 29 பேரை அமெரிக்காவுக்கு அனுப்பியபோது இந்தப் பாதையில் போகவில்லை. தேசியப் பாதுகாப்பு என்ற அடிப்படையில் அனுப்பியது. ஆகஸ்டில் மேலும் 26 பேர் அதே வழியில் போனார்கள். பல பத்திரிகைகள் இதையும் ஒப்பந்தப்படி நடந்த ஒப்படைப்பு போலவே எழுதின. வித்தியாசம் சிறியது அல்ல. ஒப்பந்தப்படி ஒப்படைத்தால், மரண தண்டனை விதிக்க மாட்டோம் என்ற உறுதியை மெக்சிகோ கேட்டு வாங்கலாம். நேரடியாக அனுப்பினால் அது தானாக வராது, தனியாகப் பேசித்தான் வாங்க வேண்டும்.

4. பணமும் பயிற்சியும். 2007இல் அறிவித்த மெரிடா முன்முயற்சியின் கீழ் அமெரிக்கா 3 பில்லியன் டாலருக்கும் மேல் ஒதுக்கியது. ஹெலிகாப்டர், சோதனைக் கருவி, போலீஸ் பயிற்சி, நீதிமன்றச் சீர்திருத்தம் எல்லாம் அதில் அடக்கம். 2021இல் அது முடிந்து வேறு பெயரில் புதிய ஏற்பாடு வந்தது.

போர்ட்டேரோ சண்டை நான்காவது சரக்கைப் பற்றியது. பட்டறை நடந்தது. அதற்கு மேல் என்ன என்பதில்தான் தகராறு.

பழைய பாக்கிகள்

1969 செப்டம்பரில் நிக்சன் அரசு மெக்சிகோ எல்லையில் ஒவ்வொரு வாகனத்தையும் நிறுத்திச் சோதிக்கத் தொடங்கியது. மூன்று வாரங்கூட நீடிக்கவில்லை. எல்லை வணிகம் ஸ்தம்பித்ததில் மெக்சிகோ பேச்சுக்கு வந்தது. பொருளாதாரத்தை நெருக்கிப் போதைத் தடுப்பைப் பெறும் உத்தி அன்றே உண்டு. 2025இல் ஃபென்டனைல் பெயரில் விதித்த சுங்க வரி அதன் தொடர்ச்சிதான்.

1985 பிப்ரவரியில் குவாடலஹாரா நகரில் டி.இ.ஏ. அதிகாரி என்ரிகே கமரேனா கடத்தப்பட்டுச் சித்திரவதை செய்து கொல்லப்பட்டார். மெக்சிகோ போலீஸில் சிலருக்கு இதில் பங்கு இருந்தது. அந்த முகமை இதை இன்றுவரை மறக்கவில்லை. வழக்கில் தேடப்பட்ட ரஃபேல் காரோ கின்டேரோ 40 ஆண்டுகள் கழித்து, மேலே சொன்ன அந்த 29 பேரில் ஒருவராக நியூயார்க் போய்ச் சேர்ந்தார்.

மெக்சிகோவுக்கும் மறக்காத ஒன்று உண்டு. 1990இல் அதே வழக்கில் சந்தேகிக்கப்பட்ட ஒரு மருத்துவரை, டி.இ.ஏ. பணம் கொடுத்த ஆட்கள் குவாடலஹாராவில் தூக்கி விமானத்தில் டெக்சாஸுக்குக் கொண்டுபோனார்கள். கடத்திக் கொண்டுவந்திருந்தாலும் விசாரிக்கலாம் என்று 1992இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. விசாரணையில் அவர் விடுதலையாகிவிட்டார். ஆனால் தங்கள் மண்ணில் வெளிநாட்டு அதிகாரிகள் எப்படி நடக்க வேண்டும் என்று மெக்சிகோ அதே ஆண்டு விதிகள் போட்டது.

1997இல் மாட்டிக்கொண்டது மெக்சிகோ. அதன் போதைத் தடுப்புத் தலைவரான ஜெனரல் குத்தியேரெஸ் ரெபோல்யோவை நேர்மையானவர் என்று அமெரிக்காவின் போதைக் கொள்கைத் தலைவர் பகிரங்கமாகப் பாராட்டிய சில வாரங்களில், ஒரு பெரிய கடத்தல்காரரைப் பாதுகாத்ததற்காக அந்த ஜெனரல் கைதானார். அவர் மீது விசாரணை நடந்ததை அமெரிக்காவிடம் மெக்சிகோ வாய்திறந்து சொல்லவே இல்லை. மெக்சிகோ வங்கிகளைக் குறிவைத்து அமெரிக்கச் சுங்கத் துறை விரித்திருந்த ரகசிய வலை அடுத்த ஆண்டே வெளியே தெரிந்தது, அவர்களும் மெக்சிகோவிடம் சொல்லவில்லை. 2009–11இல் துப்பாக்கிகள் எங்கே போகின்றன என்று பார்க்கச் சுமார் 2,000 துப்பாக்கிகளைக் கடத்தல்காரர்கள் வாங்கிப்போக அமெரிக்க அதிகாரிகள் விட்டுவிட்டார்கள். மெக்சிகோ மக்கள் அதைச் செய்தியில்தான் அறிந்தார்கள்.

அயெண்டே: ஒரு கசிவின் விலை

சரி, சொன்னால் என்ன என்று கேட்கலாம். அதற்குப் பதில் கோவாவிலா மாநிலத்தில், எல்லையிலிருந்து வெகுதூரம் இல்லாத அயெண்டே என்ற சிற்றூரில் இருக்கிறது.

செட்டாஸ் கும்பலின் தலைவர்களான த்ரெவின்யோ சகோதரர்கள் அடிக்கடி கைபேசியை மாற்றுபவர்கள். அவர்களுடைய பிளாக்பெரி அடையாள எண்களை டல்லஸ் பகுதி டி.இ.ஏ. அதிகாரி ஒருவர் உள்ளாள் வழியாகப் பெற்றார். அந்த எண்கள் மெக்சிகோவிலிருந்த ‘சரிபார்க்கப்பட்ட பிரிவு’க்குப் போயின. இந்தப் பிரிவு என்பது, பொய் கண்டறியும் சோதனை எல்லாம் வைத்து டி.இ.ஏ. தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்த மெக்சிகோ போலீஸார் அடங்கிய குழு. நம்பிக்கையின் உச்சம் என்று சொல்லப்பட்ட இடம். அங்கிருந்து தகவல் கும்பலுக்குப் போய்விட்டது.

2011 மார்ச்சில் செட்டாஸ் ஆட்கள் அயெண்டேயிலும் சுற்றுப்புறத்திலும் நுழைந்து, காட்டிக்கொடுத்ததாகச் சந்தேகித்தவர்களின் குடும்பங்களைக் கூண்டோடு தூக்கிப்போனார்கள். பல டஜன் பேர், ஒருவேளை சில நூறு பேர், கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். வீடுகளை இடித்தார்கள். உள்ளூர்ப் போலீஸும் உடந்தை. இவ்வளவு நடந்தும் வெளியுலகுக்கு நெடுநாள் சரியாகத் தெரியவில்லை. டி.இ.ஏ.யிலிருந்து தொடங்கிய அந்தச் சங்கிலி 2017இல் புரோபப்ளிகா என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனத்தின் புலனாய்வில்தான் வெளிவந்தது.

இதே பிரிவை நடத்திய இவான் ரெயெஸ் அர்சாத்தே பின்னாளில் அமெரிக்கச் சிறைக்கே போனார், கும்பலுக்குத் தகவல் கொடுத்த குற்றத்தில். இப்படிப்பட்ட நிலையில் டி.இ.ஏ. தன் கையிலுள்ளதை ஒளிப்பதைக் குறை சொல்வது கடினம். ஒளிப்பதை அவமானமாக எடுத்துக்கொள்ளும் மெக்சிகோவைக் குறை சொல்வதும் கடினம். ஆனால் அயெண்டேயில் இறந்தவர்களுக்கு இரு அரசுகளும் செய்தது மிகக் குறைவு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஜெனரலும் 751 பக்கமும்

2020 அக்டோபர் 15. குடும்பத்தோடு லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தில் இறங்கிய முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் ஜெனரல் சல்வதோர் சியென்ஃபுவேகோஸை, போதைக் கும்பலுக்கு உதவினார் என்ற குற்றச்சாட்டில் அமெரிக்கா கைது செய்தது. 2012 முதல் 2018 வரை மெக்சிகோ ராணுவமே அவர் கையில் இருந்தது. முன்கூட்டி ஒரு வார்த்தை இல்லை. மெக்சிகோ ராணுவம் கொதித்தது. ஒரு மாதத்தில், நவம்பர் 18 அன்று, வழக்கைத் திரும்பப் பெற்று அமெரிக்கா அவரை அனுப்பிவைத்தது. வெளியுறவு நலனுக்காக என்று நீதிமன்றத்திலேயே சொன்னது.

அதற்கப்புறம் மூன்று விஷயங்கள் அடுத்தடுத்து நடந்தன.

1. டிசம்பரில் மெக்சிகோ தன் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியது. வெளிநாட்டு முகவர்கள் தாங்கள் சேகரிக்கும் தகவலை மெக்சிகோவுக்குத் தர வேண்டும், அவர்களுக்குத் தனிச் சட்டப் பாதுகாப்பு கிடையாது, அவர்களைச் சந்திக்கும் மெக்சிகோ அதிகாரிகள் அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அயெண்டேயை நினைத்துப் பார்த்தால் முதல் விதி டி.இ.ஏ.வை ஏன் நடுங்கவைத்தது என்று புரியும்.

2. 2021 ஜனவரியில் மெக்சிகோ அரசு வழக்குத் தொடர்வோர் ஜெனரல் மீது குற்றமில்லை என்று முடித்தார்கள்.

3. மறுநாளே அன்றைய மெக்சிகோ அதிபர் லோபெஸ் ஒப்ரடோர், அமெரிக்கா அனுப்பிய 751 பக்க ஆவணத்தை இணையத்தில் எல்லோரும் படிக்கப் போட்டுவிட்டார். டி.இ.ஏ. கதை கட்டியிருக்கிறது என்று அவருக்கு நிரூபிக்க வேண்டியிருந்தது. சட்ட உதவி ஒப்பந்தத்தின் ரகசியத்தை மீறிவிட்டீர்கள் என்று அமெரிக்க நீதித் துறை கடுமையாகச் சொன்னது.

மூன்றாவதைக் கவனியுங்கள். ரகசிய ஆவணத்தை வெளியிட்டது பத்திரிகையாளர் அல்ல, அதிபர். அடுத்து, சரிபார்க்கப்பட்ட அந்தப் பிரிவையும் மெக்சிகோ கலைத்தது. அந்தச் செய்தி வெளியே வர 2022 ஆனது.

செய்தி எங்கே பிறக்கிறது

2000க்குப் பிறகு மெக்சிகோவில் 150க்கும் மேற்பட்ட பத்திரிகையாளர்கள் கொல்லப்பட்டிருக்கிறார்கள். சினலோவா மாநிலத்தின் போதைக் கும்பலைப் பற்றி அந்த ஊரிலிருந்தே எழுதிய செய்தியாளர் ஹவியேர் வால்டெஸ் 2017 மே 15 அன்று குலியகானில், தன் வாரப் பத்திரிகை அலுவலகத்துக்கு அருகில் பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார். சியுடாட் ஹுவாரெஸின் நாளிதழ் ஒன்று, தன் புகைப்படக்காரர் கொல்லப்பட்ட பின் 2010இல் முதல் பக்கத்தில் கும்பல்களை நோக்கியே, எங்களிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள், எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று சொல்லுங்கள் எனக் கேட்டது. இந்த ஊரில் ஆட்சி செய்வது நீங்கள்தான் என்ற ஒப்புதல் அது. 2012இல் நுவேவோ லாரேடோவின் ஒரு நாளிதழ் கும்பல் மோதல்களைப் பற்றி இனி எழுதுவதில்லை என்று அறிவித்தது.

இதன் விளைவு இதுதான். தெற்கே நடப்பதை அருகிலிருந்து பார்ப்பவரால் எழுத முடியவில்லை. வடக்கே எழுதுபவருக்குப் பாதுகாப்பு இருக்கிறது, ஆனால் அவருடைய தகவல் பெரும்பாலும் அமெரிக்க அதிகாரிகளிடமிருந்தும் நீதிமன்ற ஆவணங்களிலிருந்தும் வருகிறது. மெக்சிகோ நாளிதழ்கள் அதை எடுத்து மறுபதிப்புச் செய்கின்றன. அப்போது அது வெளிநாட்டுச் சதி என்று அங்குள்ள ஆட்சியாளர் எளிதாகச் சொல்லிவிடலாம். 2024 ஜனவரி 30 அன்று லோபெஸ் ஒப்ரடோரின் 2006 தேர்தல் பிரசாரத்துக்குக் கும்பல் பணம் வந்ததா என்று டி.இ.ஏ. முன்பு விசாரித்ததைப் பற்றிய செய்திகள் வெளியாயின. அவர் கடுமையாக மறுத்தார். சில வாரங்களில் இன்னொரு செய்திக்காகக் கேள்வி அனுப்பிய நியூயார்க் டைம்ஸ் செய்தியாளரின் தொலைபேசி எண்ணை நேரலையில் வாசித்தார். பத்திரிகையாளர் கொலைகள் நடக்கும் நாட்டில் அதிபரே இதைச் செய்தார்.

செய்தியே உறவைக் கெடுத்த கதையும் உண்டு. மெக்சிகோ ராணுவம் ஆபத்தை எதிர்கொள்ளத் தயங்குகிறது என்று அமெரிக்கத் தூதரகம் எழுதிய குறிப்பு விக்கிலீக்ஸ் வழியாக வெளிவந்தது. அன்றைய அதிபர் கால்டெரோன் கோபத்தை மறைக்கவில்லை. 2011 மார்ச்சில் தூதர் கார்லோஸ் பாஸ்குவல் பதவி விலகினார்.

படிக்கும்போது கேட்க வேண்டியவை

1. எந்த ஊரிலிருந்து வந்த செய்தி? அதிகாரி பெயர் இல்லாமல் பேசியிருந்தால், எந்த நாட்டு அதிகாரி, எந்தத் துறை? டி.இ.ஏ.வும் அமெரிக்க வெளியுறவுத் துறையும் ஒரே குரலில் பேசுவதில்லை. போர்ட்டேரோவை மறுத்த அதே பேட்டியில் ஷெயின்பாம், வெளியுறவுத் துறையோடு ஒரு பாதுகாப்பு உடன்பாடு தயாராகிவருகிறது என்றும் சொன்னார்.

2. குற்றச்சாட்டா, தீர்ப்பா? மெக்சிகோவின் முன்னாள் பொதுப் பாதுகாப்புச் செயலர் ஹெனாரோ கார்சியா லூனா 2023இல் நியூயார்க்கில் குற்றவாளி என்று தீர்ப்பானார், 2024இல் 38 ஆண்டுகளுக்குமேல் தண்டனை. சியென்ஃபுவேகோஸ் வழக்கு விசாரணைக்கே போகவில்லை. இருவரையும் ஒரே வரியில் எழுதும் கட்டுரைகளை நிறையப் பார்க்கலாம். தீர்ப்பு வந்த வழக்கிலும் சாட்சிகள் பலர் தண்டனைக் குறைப்பை எதிர்பார்க்கும் பழைய கடத்தல்காரர்கள் என்பது தனி விஷயம்.

3. ‘மதிப்பு இத்தனை கோடி’ என்றால் எந்த இடத்து விலை? போதைப்பொருள் ஒவ்வொரு கை மாறும்போதும் விலை ஏறும். பிடித்த இடத்து மொத்த விலையைவிடக் கடைசித் தெருவில் கிராம் கணக்கில் விற்கும் விலை பல மடங்கு. அறிக்கையில் போடுவது பின்னதைத்தான். நம் நாளிதழ்களில் ‘சர்வதேசச் சந்தை மதிப்பு’ என்று வருவதற்கும் இதே கேள்வி பொருந்தும்.

4. அதிகம் பிடிபட்டால் கடத்தல் குறைந்ததா, கூடியதா? எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

சம்பாடா: எல்லாம் ஒன்றாகச் சேரும் இடம்

2024 ஜூலை 25 அன்று எல் பாசோ அருகே ஒரு சிறு விமான நிலையத்தில் தனியார் விமானம் இறங்கியது. உள்ளே சினலோவா கும்பலின் நிறுவனர்களில் ஒருவரான இஸ்மாயில் சம்பாடா. கூடவே அதே கும்பலின் இன்னொரு தலைவரான ‘எல் சாப்போ’ குஸ்மானின் மகன் ஹோவாகின். பல பத்தாண்டுகள் ஒருமுறைகூடச் சிறைக்குப் போகாதவர் சம்பாடா. இருவரையும் பிடித்துவிட்டோம் என்று அமெரிக்கா அறிவித்தது. தங்களுக்கு முன்கூட்டி எதுவும் தெரியாது, தூதரகம் சொல்லித்தான் தெரியும் என்றது மெக்சிகோ.

முதல் நாள் செய்திகளில் இது பெரிய அமெரிக்கத் திட்டமாக இருந்தது. ஆகஸ்டில் சம்பாடா தன் வழக்கறிஞர் மூலம் வெளியிட்ட கடிதத்தில், ஒரு கூட்டத்துக்கு அழைத்து என்னைக் கட்டித் தூக்கி வந்தார்கள் என்றார். விமானமும் விமானியும் எங்களுடையவர்கள் அல்ல என்றார் அமெரிக்கத் தூதர். மெக்சிகோ அரசு வழக்குத் தொடர்வோர், சம்பாடாவைக் கடத்திக்கொண்டு போனதற்காகக் குஸ்மானின் மகன் மீது வழக்குப் போட்டார்கள். 1990 மருத்துவர் விவகாரத்தை அறிந்தவர்களுக்கு இந்த வேகம் ஆச்சரியம் தராது.

விளைவு குலியகான் மக்களின் தலையில் விழுந்தது. செப்டம்பரில் கும்பலுக்குள் சம்பாடா பிரிவும் குஸ்மான் மகன்களின் பிரிவும் மோதத் தொடங்கின. பள்ளிகள் மூடின, சாலைகளில் பிணங்கள் கிடந்தன, மோதல் மாதக்கணக்கில் நீண்டது. வன்முறைக்கு அமெரிக்காவும் ஒரு பங்கு பொறுப்பு என்று லோபெஸ் ஒப்ரடோர் சொன்னார், அமெரிக்கத் தூதர் மறுத்தார்.

2025 பிப்ரவரியில் ஆறு மெக்சிகோ கும்பல்களை அமெரிக்கா பயங்கரவாத அமைப்புகளாக அறிவித்தது. அந்தப் பட்டியலில் சினலோவாவும் உண்டு. ஆகஸ்ட் 25 அன்று, போர்ட்டேரோ தகராறு நடந்த அடுத்த வாரம், சம்பாடா நியூயார்க்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். போலீஸ், ராணுவம், அரசியல்வாதிகள் எல்லோருக்கும் பணம் கொடுத்தோம் என்று நீதிமன்றத்தில் சொன்னார். பெயர் எதையும் சொல்லவில்லை. விசாரணை நடந்திருந்தால் சாட்சிக் கூண்டில் அந்தப் பெயர்கள் வந்திருக்கும், இரு நாட்டுச் செய்தியாளர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து கேட்டிருப்பார்கள். ஒப்புக்கொண்டதால் அது இனி நடக்காது. அமெரிக்க அரசோடு ஒத்துழைக்க எந்த உடன்பாடும் இல்லை என்று அவருடைய வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார்.